குடிசை நிற்கும் மண் யாருக்குச் சொந்தம்?

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, மணல்மேட்டில் ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. பெயர், ஊரூர் ஒல்காட் குப்பம்.

காலையில் போனால், கரையேறிய படகுகளைப் பார்க்கலாம். மணலில் வலை காயும். பெண்கள் மீனைக் கூறு கட்டி விற்பார்கள். ஆண்கள் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பின்னுவார்கள்.

வலை காயும் அந்த மணல் யாருக்குச் சொந்தம்?

தனி ஒருவருக்கும் இல்லை. ஊர் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறது. சர்க்கார் கணக்கில் இத்தகைய கடற்கரை நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். குப்பத்தை ஒட்டினாற்போல் பெசன்ட் நகர். அங்கே ஒரு கிரவுண்டு மனை கோடிக் கணக்கில் விலை போகிறது. இரண்டும் ஒரே கடற்கரை மணல்தான். ஒன்றுக்குப் பத்திரம் உண்டு. மற்றதற்குப் பழக்கம் மட்டுமே உண்டு.

பத்திரம் இல்லாமல் பழக்கத்தை மட்டும் நம்பி வாழும் ஏழை என்ன ஆவான்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் அவர். பெயர், கில்பர்ட் சிலேட்டர். பொருளாதாரம் படித்தவர்கள் நடுவில் இன்றும் அடிபடும் பெயர் அது.

வேலி போட்டார்கள்!

சிலேட்டர் 1864-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிளிமத் என்ற துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஓர் ஆராய்ச்சியில் இறங்கினார். அது பழைய கதை ஒன்றைத் தோண்டும் வேலை.

முன்காலத்தில் இங்கிலாந்துக் கிராமங்களில் வயல்கள் வேலி இல்லாமல் திறந்து கிடந்தன. ஒரு குடியானவனுக்கு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று நிலம் சிதறிக் கிடக்கும். அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லா வயலிலும் மேயும். ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் வெளி உண்டு. அங்கே ஏழையும் ஒரு பசுவை ஓட்டிவிடலாம். சுள்ளி பொறுக்கி அடுப்பு எரிக்கலாம்.

நம் ஊரிலும் இதற்குப் பெயர் உண்டு. மந்தைவெளி! மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். இன்று அங்கே மாடு மேய்க்க ஒரு முழம் இடம் கிடையாது.

இங்கிலாந்தில் பெரிய நிலக்காரர்கள் பார்லிமெண்டுக்கு மனுப் போட்டார்கள். ஊருக்கு ஒரு சட்டம் என்று, ஆயிரக் கணக்கான சட்டங்கள் நிறைவேறின. பொது வெளிகள் பங்கு போடப்பட்டன. சுற்றிலும் வேலி எழுந்தது. பத்திரம் காட்டியவனுக்குப் பங்கு கிடைத்தது. காலம் காலமாக அங்கே பசு மேய்த்த கூலிக்காரனிடம் பத்திரம் ஏது? அவனுக்கு ஒன்றும் இல்லை. கிடைத்த துண்டும் சிலருக்கு நிலைக்கவில்லை. வேலி போடும் செலவுக்கே அதை விற்றுவிட்டார்கள்.

சிலேட்டர் ஒரு தரப்பை மட்டும் பார்த்து எழுதியவர் அல்ல. வேலி போட்ட பிறகு பல இடங்களில் விவசாயம் முன்னேறியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விளைச்சல் கூடியது, ஆனால் விளைவித்தவன் வீட்டில் பால் இல்லாமல் போயிற்று. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்தான் அவரது பெருமை இருக்கிறது.

வேலிக்குத் தப்பிய கிராமங்களையும் அவர் தேடிப் பிடித்தார். அவற்றில் ஒன்று லாக்ஸ்டன். அங்கே திறந்த வயல் முறை இன்றும் நடக்கிறது!

இந்த ஆராய்ச்சிக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1907-ல் அது புத்தகமாக வந்தது. பிற்கால அறிஞர்கள் அவரது கணக்குகளைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் துறையில் இறங்குபவர்கள் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

மேயர் ஆனார்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சிலேட்டர் ஏட்டோடு நிற்கவில்லை.

லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் வுல்விச் என்று ஒரு பகுதி. பீரங்கியும் வெடிமருந்தும் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை அங்கே இருந்தது. ஊர் முழுதும் தொழிலாளர்கள். தொழிற்கட்சி அங்கே சீக்கிரம் வேர் விட்டது. சிலேட்டர் அந்தக் கட்சியின் சார்பில் நகரசபை உறுப்பினர் ஆனார். 1905-ல் மேயராகவும் ஆனார்.

வயல் வெளியிலிருந்து விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பட்டணத்துச் சந்துகளில் வாடகை கொடுத்து நெருங்கி வாழ்ந்த காலம் அது. கிராமத்தில் தொடங்கிய கதையின் மறுபாதியை அவர் தம் நகரசபையிலேயே பார்த்தார்.

1909-ல் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவரானார். அது தொழிலாளர்களுக்கென்றே ஏற்பட்ட கல்லூரி. சுரங்கத் தொழிலாளியும் ரயில்வே தொழிலாளியும் வந்து படிப்பார்கள். அவர் போன சமயம் அங்கே பெரிய கலகம். எந்தப் பாடத்தைக் கற்பிப்பது என்பதில் தகராறு முற்றி, மாணவர்கள் வேலைநிறுத்தமே செய்திருந்தார்கள். முந்தைய தலைவர் பதவி இழந்திருந்தார். அந்த நாற்காலியில் சிலேட்டர் ஆறு ஆண்டு உட்கார்ந்தார்.

சென்னைக்கு வந்தார்

1915-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டுதான் 'எம்டன்' கப்பல் சென்னை மீது குண்டு போட்டிருந்தது.

அந்த எம்டனுக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. நகரங்களை எப்படித் திருத்தி அமைப்பது என்று காட்ட, ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் ஒரு பெரிய கண்காட்சியைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். வரைபடங்களும் படங்களும் நிறைந்த கண்காட்சி. எம்டன் அந்தக் கப்பலைக் கடலில் மூழ்கடித்துவிட்டது! நண்பர்கள் ஓடியாடி மறுபடியும் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் அந்தக் கண்காட்சி நடந்தது.

பட்டணத்துக்கு வரைபடம் போடும் பேச்சு இப்படிக் கிளம்பிய அதே ஆண்டின் கடைசியில்தான் சிலேட்டர் சென்னைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 51. இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் என்பது அவரது பதவி.

ஆனால் இந்தியப் பொருளாதாரத்துக்குப் பாடப் புத்தகம் எங்கே இருக்கிறது? சர்க்கார் அறிக்கைகள் இருந்தன. வரி கணக்கு இருந்தது. மழை கணக்கு இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்லும் ஏடு மிக அரிது.

லீவில் ஒரு வேலை!

சிலேட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிகவும் எளிய வழி.

கல்லூரி மாணவர்கள் லீவுக்குச் சொந்த ஊர் போவார்கள் அல்லவா? அவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். உங்கள் ஊரையே பார்த்து எழுதி வாருங்கள் என்றார்.

ஊரில் வீடு எத்தனை? அவற்றில் கூரை வீடு எத்தனை, ஓட்டு வீடு எத்தனை? நிலம் யார் கையில்? குத்தகை எவ்வளவு? கூலி நெல்லாகவா, காசாகவா? கடன் யாரிடம், என்ன வட்டி? மாடு எத்தனை? கேள்விகள் இப்படிப் போயின.

பையன்கள் திகைத்திருப்பார்கள். ஷேக்ஸ்பியரையும் கிரேக்க சரித்திரத்தையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய பிள்ளைகள் அவர்கள். தன் வீட்டுக் கொல்லையையும் அடுத்த தெருவையும் ஒரு பேராசிரியர் பாடம் என்று சொன்னது அவர்களுக்குப் புதிது.

அவர்கள் கொண்டுவந்த அறிக்கைகளைச் சேர்த்து, 1918-ல் சிலேட்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார். தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய புத்தகம். தஞ்சை ஜில்லா பாலக்குறிச்சி, திருநெல்வேலி ஜில்லா கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், வட ஆற்காடு ஜில்லா தூசி, தென் ஆற்காடு ஜில்லா இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அதில் இடம் பெற்றன. மலையாளக் கிராமங்களும் இருந்தன.

இவற்றில் இருவேல்பட்டின் கதை நெஞ்சை உலுக்கும்.

கல்யாணக் கடன்

இருவேல்பட்டு இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1916-ல் அந்த ஊரில் ஒரு பெரிய நிலக்காரக் குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. வயலில் உழைத்தவர்களில் படியாள்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. நெல்லைப் படியால் அளந்து கூலி வாங்கியதால் அந்தப் பெயர்.

படியாள் எப்படி ஆவது? ஏழை வாலிபனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகும். கையில் காசு இருக்காது. நிலக்காரரிடம் கொஞ்சம் கடன் வாங்குவான். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக அவனே கிடையாய்க் கிடந்து உழைக்க வேண்டும்.

கடன் தீருமா? கூலி வயிற்றுக்கே பற்றாது. எதை மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது? அப்பன் கண்ணை மூடினால் கடன் மகன் தலையில் ஏறும். நிலம் கை மாறினால், கடனோடு ஆளும் கை மாறுவான். இது கொத்தடிமைக்கு நெருங்கிய நிலை என்பதை சிலேட்டர் பூசி மெழுகாமல் பதிவு செய்தார்.

இதில் மண்ணின் பங்கு என்ன? அதுதான் முக்கியம். தஞ்சை, செங்கற்பட்டு போன்ற ஜில்லாக்களில், சேரியில் குடிசை நின்ற இடமே பெரும்பாலும் மிராசுதாருக்குச் சொந்தம். கீற்றும் மூங்கிலும் ஆளுடையது; கீழே உள்ள மண் ஆண்டையுடையது. கூலி உயர்த்திக் கேட்டால் போதும். குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவான்? ஆகவே வாயைத் திறக்கமாட்டான்.

வீட்டு மனை இல்லாதவனுக்குக் கூலி பேசும் வலிமையும் இல்லை!

இதைச் சொன்னவர்களில் சிலேட்டர் முதல்வர் அல்ல. 1891-லேயே செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், ஆதிதிராவிடர்களுக்குச் சொந்த மனையும் நிலமும் வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதியிருந்தார். அடையாற்றுக்குத் தெற்கே உள்ள ஊரூரும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஒல்காட் 1894-ல் அந்தப் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். குப்பத்தின் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கலெக்டர் ஒரு ஜில்லாவைப் பார்த்தார். கர்னல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். சிலேட்டர் செய்தது வேறு. எந்த ஊருக்கும் பொருந்துகிற கேள்விகளை அவர் எழுதி வைத்தார்.

ஒரு குறை

குறையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் யார்? பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் சேரிக்குள் போய்க் குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? எத்தனை பேர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு கணக்குப்பிள்ளையைக் கேட்டு எழுதியிருப்பார்கள்? பெண்களின் பாடு அந்த ஏடுகளில் அவ்வளவாக இல்லை.

சிலேட்டருக்கு வேறு ஆசைகளும் இருந்தன. தமிழர் நாகரிகத்தில் அவருக்கு மோகம். 1924-ல், இந்தியப் பண்பாட்டில் திராவிடர்களின் பங்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் உள்ள இனம், இரத்தம் பற்றிய ஊகங்களை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. நெல் வயலைப் பற்றி எழுதிய சிலேட்டர்தான் நின்றார்.

கப்பல் ஏறினார், கேள்வித்தாள் தங்கியது

அவர் சென்னையில் இருந்த காலம் சும்மா இருந்த காலம் அல்ல. யுத்தத்தால் விலைவாசி ஏறியது. 1918-ல் சென்னை ராஜதானியில் பல இடங்களில் மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். அதே ஆண்டில் சென்னையில் தொழிற்சங்கம் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் ஆதிதிராவிடர்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கும் வேலையைச் சர்க்காரே தொடங்கியது.

1921-ல் சிலேட்டரின் பேராசிரியர் பதவி முடிந்தது. பிறகு தாய்நாடு திரும்பினார். தென்னிந்தியாவை அவர் மறக்கவில்லை. 1936-ல், 72-ம் வயதில், தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரப் பிரச்சினைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்.

அதே சமயம் சென்னையில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில், 1936-37-ல் சிலேட்டரின் கிராமங்களுக்கு மறுபடியும் ஆட்கள் போனார்கள். அதே ஊர், அதே கேள்விகள். இருபது ஆண்டில் என்ன மாறியது என்று பார்த்தார்கள்.

அந்த ஏடு அச்சாகி 1940-ல் வந்தது. அதைப் பார்க்க சிலேட்டர் இல்லை. 1938-ல் காலமாகிவிட்டார்.

அடையாற்றில் தொடர்ந்த கதை

ஒரு மனிதர் இறந்த பிறகு அவர் ஆராய்ச்சி அலமாரியில் தூங்குவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை.

1961-ல் இருவேல்பட்டுக்கு மீண்டும் ஆராய்ச்சியாளர் போனார்கள். பிறகு 1971-ல் மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் அடையாறு காந்தி நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

1980-களில் அந்த நிலையத்தைச் சேர்ந்தவர்கள் சிலேட்டரின் பழைய ஏட்டைக் கையில் எடுத்தார்கள். எஸ். குகன், அமெரிக்கப் பேராசிரியை ஜோன் மென்சருடன் இருவேல்பட்டுக்குப் போனார். தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்களும் மறுபடி கணக்கெடுக்கப்பட்டன. 1916-ல் ஒரு மாணவன் லீவில் எழுதிய பக்கத்தையும், எழுபது ஆண்டு கழித்து எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. உலகத்தில் மிகச் சில கிராமங்களுக்குத்தான் இந்தப் பாக்கியம் உண்டு.

இதற்கிடையில் சட்டங்களும் வந்திருந்தன. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் காலம் காலமாக வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு, அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம் அது. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற பேச்சு அதனால் அடங்கியது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. காகிதத்தில் வந்த பட்டா கைக்கு வரப் பல வருஷம் ஆன இடங்கள் உண்டு.

2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவர் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்தார்கள். பெரிய குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. சேரிக்காரர்கள் வயல் வேலையை மட்டும் நம்பி இருக்கவில்லை. வெளியூர் வேலைக்குப் போனார்கள். படியாள் முறை மறைந்திருந்தது. ஏற்றத்தாழ்வு மட்டும் முற்றிலும் போய்விடவில்லை.

வயல் இல்லாத கடற்கரைக்கு சிலேட்டரின் கேள்வித்தாள் போகவில்லை. வீடு எத்தனை, மாடு எத்தனை என்று அதில் கேட்கலாம். வலை காயப்போடும் இடத்துக்கு அதில் கட்டம் கிடையாது. 2011-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் ஊர்களையும் அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் இடம், வலை பின்னும் இடம் எல்லாம் அதில் சேரும்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அந்த இடங்களைக் காட்ட வரைபடம் தேவையில்லை. விடியற்காலையில் போனால், ஈர மணலில் படகு இழுத்த தடம் வீட்டு வாசல் வரை வந்திருக்கும்.